பழைய தறிக்கு மானியம் கிடையாது

சத்திரப்பட்டியில் என் மாமா ஒருவர் ஆறு தறி ஓட்டுகிறார். பேண்டேஜ் துணி. ராஜபாளையம் பக்கம் உள்ளவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இன்னும் நாலு தறி போட வேண்டும், வெளியே வட்டிக்கு வாங்கப் பயமா இருக்கு என்று என்னிடம் வந்தார்.

"நீதான் மாப்ள இதெல்லாம் படிக்கிறவன். எனக்கு மானியம் உண்டா இல்லையா, அதை மட்டும் சொல்லு."

இரண்டு நாள் நெறிமுறைகளைப் படித்துவிட்டு, "இல்ல மாமா. நீங்க ஏற்கெனவே தொழில் செய்றீங்க" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "அப்ப தொழில் செய்யாதவனுக்குத்தான் தொழிலுக்குக் காசா?"

எனக்குப் பதில் வரவில்லை. அதனால்தான் இந்தக் குறிப்பு.

அவர் கேட்டது பி.எம்.இ.ஜி.பி. என்கிற பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம். பழைய இரண்டு திட்டங்களை இணைத்து 2008-ல் வந்தது. 18 வயது முடிந்திருந்தால் போதும். உற்பத்தித் தொழிலில் 10 லட்சத்துக்கு மேல் போகிற திட்டத்துக்கு மட்டும் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கேட்கிறார்கள். 2022-ல் உச்ச வரம்பை 50 லட்சமாக உயர்த்தினார்கள். பொதுப்பிரிவுக்கு நகரத்தில் 15 சதவீதம், கிராமத்தில் 25. சிறப்புப் பிரிவுக்கு 25, 35. மானியம் கையில் வராது. வங்கியில் மூன்று வருஷம் வைப்பாகக் கிடந்து, தொழில் நடக்கிறதா என்று வந்து பார்த்த பிறகு கடனில் கழியும். இது நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன்.

இங்கே நம்மூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று. அதே 2022 மாற்றத்தில் முன்னேற விழையும் மாவட்டங்களின் விண்ணப்பதாரர்களும் சிறப்புப் பிரிவில் சேர்ந்தார்கள். தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இருப்பவை ராமநாதபுரமும் விருதுநகரும். ஆகவே ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ யார் விண்ணப்பித்தாலும், எந்தச் சாதியானாலும், சிறப்புப் பிரிவுதான். சொந்தப் பணம் 5 சதவீதம் போதும். தகவல் பலகையில் முதல் வரியாக எழுத வேண்டிய விஷயம் இது. எழுதி நான் பார்த்ததில்லை.

எல்லைக் கோடு அடுத்த சங்கதி. பஞ்சாயத்து ராஜ் அமைப்பில் இருந்தால் கிராமம், நகராட்சி என்றால் நகரம். 10 லட்சத்துக்குத் தறி போட்டால் ராஜபாளையம் நகராட்சிக்குள் இரண்டரை லட்சம், ஊராட்சி எல்லைக்குள் மூன்றரை லட்சம். சேத்தூர், செட்டியார்பட்டி, மம்சாபுரம் எல்லாம் பார்க்கக் கிராமம் மாதிரி இருந்தாலும் பேரூராட்சிகள். சட்டப்படி நகர்ப்புற அமைப்பு. வயலுக்கு நடுவில் இருந்துகொண்டு நகரவாசி ஆகிவிடுகிறார் மனுஷன்.

சரி, மாமாவின் கேள்விக்கு வருகிறேன். திட்டம் புதிய தொழிலுக்கு மட்டும். ஏற்கெனவே நடப்பதை விரிவாக்க 'இரண்டாம் கடன்' என்று ஒன்று உண்டு; 1 கோடி வரை போகலாம், 15 சதவீத மானியம். ஆனால் முதல் கடனை இதே திட்டத்திலோ முத்ரா போன்ற ஒன்றிலோ வாங்கி அடைத்திருக்க வேண்டும். நகையை அடகு வைத்து, சீட்டு எடுத்து, தானாகத் தறி போட்டவருக்கு இரண்டு கதவும் சாத்தியிருக்கு.

அரசாங்கத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. நடக்கிற தொழிலுக்குக் கொடுத்தால், எப்படியும் போட்டிருக்கப்போகிற முதலுக்கு மானியம் கொடுத்த மாதிரி ஆகும். பொருளாதாரத்தில் பழைய வாதம், அதில் உண்மையும் இருக்கு. ஆனால் பஸ்ஸில் அரை மணி நேரம் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவரைப் பாருங்கள். 2020-ல் வந்த உணவு பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்கான திட்டம் (பி.எம்.எஃப்.எம்.இ.) ஏற்கெனவே நடக்கிற அடுப்பை மேம்படுத்தவே தொடங்கியது. 35 சதவீதம், 10 லட்சம் வரை. நகரம், கிராமம் என்ற பேதமும் இல்லை. அதே மத்திய அரசு, அதே மாவட்டம். பாலைக் காய்ச்சுகிறவரின் அனுபவம் தகுதி, பாவு பூட்டுகிறவரின் அனுபவம் தகுதிக் குறைவு. இதற்கு யாராவது காரணம் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

மாநில அரசின் மூலதன மானியம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கு. இயந்திரம் வாங்கி, உற்பத்தி தொடங்கிய பிறகு வருவது அது. முதலுக்கே அல்லாடுகிறவருக்கு அது எவ்வளவு தூரம் உதவும்? 2012-ல் வந்த 'நீட்ஸ்' திட்டமோ முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு. தறிச் சத்தத்தில் தூங்கி வளர்ந்த பிள்ளை எந்தத் தலைமுறை?

வேலைக் கணக்கையும் பார்த்துவிடலாம். 2021-22-ல் இந்தத் திட்டத்தில் 1.03 லட்சம் யூனிட், 8.25 லட்சம் பேருக்கு வேலை என்று கதர் கிராமத் தொழில் ஆணையம் அறிவித்தது. வகுத்தால் யூனிட்டுக்கு எட்டுப் பேர். நாடு முழுக்கத் தையல் கடை, மாவு மில், தறி எல்லாம் சேர்ந்து கச்சிதமாக எட்டில் வந்து நிற்பதைப் பார்த்தால், தலையை எண்ணியதாகத் தெரியவில்லை, பெருக்கியதாகத்தான் தெரிகிறது. மாமா நாலு தறி கூடுதலாகப் போட்டு இரண்டு பேரைச் சேர்த்தால் அந்த இரண்டு பேரும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். இதை மாற்ற, நடக்கிற தொழிலில் புதிதாகச் சேரும் ஆளுக்கு என்று மானியத்தைக் கட்டலாம். வருங்கால வைப்பு நிதிப் பதிவை வைத்துச் சரிபார்க்கலாம். சின்னத் தறிக்கூடத்தில் அந்தப் பதிவு இருக்காது என்பீர்கள். மானியம் உண்டு என்றால் பதிவும் வரும்.

இப்போது என்ன நடக்கிறது? ஒரே ஷெட்டின் நடுவில் சுவர் எழும்புகிறது. அந்தப் பக்கம் மச்சினன் பேரில் இன்னொரு மின் இணைப்பு. புதிய தொழில்! அப்படி இரண்டு சுவர்களை நான் பார்த்திருக்கிறேன், எங்கே என்று சொல்ல மாட்டேன்.

கிளம்பும்போது மாமா கேட்டார்: "உன் பேர்ல போட்டுட்டா?"

யோசித்துப் பார்த்தேன். வயது இருக்கு, படிப்பு இருக்கு, என் பேரில் தொழில் எதுவும் இல்லை. அறுந்த இழையை முடிச்சுப் போடக்கூடத் தெரியாது. நெறிமுறைப்படி எனக்கு முழுத் தகுதி.