கையொப்பமிட்ட கருணை

மருத்துவராகப் போகும் மாணவர்க்குக் கருணையைக் கற்பிக்க ஓர் ஏடு இருக்கிறது! அன்றைய இந்திய மருத்துவக் கவுன்சில் 2018ஆம் ஆண்டு வெளியிட்ட ஏடு. மனப்பாங்கு, அறநெறி, உரையாடல் எனப் பொருள்படும் மூன்று ஆங்கிலச் சொற்களை வெட்டி ஒட்டி 'ஏட்காம்' என்று அதற்குப் பெயரிட்டனர். 2019இல் சேர்ந்த மாணவர் முதற்கொண்டு நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டே கவுன்சில் கலைக்கப்பட்டது; தேசிய மருத்துவ ஆணையம் அரியணை ஏறிற்று. ஆட்சி மாறினும் ஏடு நிலைத்தது. அந்த ஏட்டைத்தான் இங்கே எடைபோட எண்ணுகிறேன். மருத்துவம் படித்தவனல்லன் நான். கலைப் பட்டம் பெற்றுப் பள்ளியிலே பாடஞ் சொல்பவன். எனினும், சேலத்திலும் நாமக்கல்லிலும் நாளைய மருத்துவர்கள், கல்லூரி வாயிலை மிதிக்குமுன் எங்கள் வகுப்பறையில்தானே அமர்ந்திருக்கிறார்கள்! அந்த உரிமையில் பேசுகிறேன்.

குறை கூறுமுன் நிறை கூறுவது முறை. இருபத்தேழு பாடங்கள் அந்த ஏட்டில். மருத்துவராக இருப்பது என்றால் என்ன என்பது முதற் பாடம். நோயாளியாக இருப்பது என்றால் என்ன என்பது இரண்டாவது. வெள்ளையங்கி இன்னும் கசங்காத முதலாண்டு மாணவனை நோக்கி, "படுக்கையில் கிடப்பவன் நீயென எண்ணிப் பார்" என்கிறது ஏடு. நல்ல கேள்வி, நாகரிகமான கேள்வி. வள்ளுவரும் 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக்கியபோது நோயுற்றவனைத்தான் முதலில் நிறுத்தினார். மருத்துவனுக்கு இரண்டாம் இடமே தந்தார். அந்த வரிசையை நம் மருத்துவமனைகள் என்றோ மறந்துவிட்டன; ஏடு நினைவூட்டுகிறது. வாழ்த்துவோம்!

ஐந்தாவது பாடமோ, அறுத்துப் படிக்கும் பிணத்தை முதல் ஆசானென்று போற்றச் சொல்கிறது. மாணவர்கள் கூடி நின்று உறுதிமொழி கூறுகிறார்கள். உடலை ஈந்தவர்க்கு அந்த மரியாதை தகும். ஆனால் ஒன்று: பிணம் குறுக்கே பேசாது, காத்திருந்து களைத்துக் கத்தாது, "எனக்கு என்னதான் ஆயிற்று?" என்று நான்காம் முறை கேட்டு நச்சரிக்காது. செத்தவர் முன் தலைவணங்குவது எளிது. உயிரோடு கிடந்து உயிரை வாங்குகிறவரிடம் முகம் சுளிக்காமல் நிற்பதல்லவா கடினம்!

அந்தக் கடினமான பாடத்தை ஏடு எப்படி நடத்துகிறது? இத்தனை மணி நேரம் என்று வகுத்து, குழுவாக உட்கார்ந்து பேச வைத்து, பேசியதைக் குறிப்பேட்டில் எழுத வைத்து, ஆசிரியரின் கையொப்பம் வாங்க வைக்கிறது. தேர்வுத் தாளிலும் இதற்கெனக் கேள்வி உண்டு. மாணவன் நோயாளியிடம் பரிவு காட்டினானா? காட்டினான். சான்று? இதோ, கையொப்பம்! நோயாளி கையொப்பமிட்டாரா? இல்லை, அவரை யாரும் கேட்கவில்லை. பரிவு பெற்றவரென்று ஏடு எவரைச் சொல்கிறதோ, அவருக்கு அந்த ஏட்டில் வாயில்லை. ஏட்டின் பெருங்குறை இதுவே என்பேன்.

அமெரிக்காவில், ஃபிலடெல்ஃபியா நகரத்து ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியினர் மாணவரின் பரிவுணர்வை ஆண்டுதோறும் அளந்து பார்த்து 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். முதலிரண்டு ஆண்டுகள் பெரிதும் மாறாதிருந்த பரிவு, மூன்றாம் ஆண்டில் சரிந்தது என்றனர். பின்வந்த ஆய்வுகள் எல்லாம் இதே முடிவைத் தரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆயினும் அந்த மூன்றாம் ஆண்டு என்னைத் தூங்கவிடவில்லை. அந்நாட்டில் மாணவன் ஏட்டை விட்டு நோயாளியின் கட்டிலருகே முழுநேரமும் வந்து நிற்கும் ஆண்டு அது! நோயாளியைக் காணாதபோது இருந்த இரக்கம், கண்டபோது கரைகிறது. அப்படியானால், இல்லாத கருணையை ஊட்டுவதைவிட, இருக்கும் கருணையைக் களவு போகாமல் காப்பதல்லவா முதல் வேலை?

களவு எங்கே தொடங்குகிறது? இங்கே எங்கள் ஊர்ப் பக்கம் திரும்ப வேண்டும்.

நாமக்கல்லுக்கு நாடறிந்த பெயர்கள் பல. முட்டைக்குப் பெயர், லாரிக்குப் பெயர், விடுதிப் பள்ளிகளுக்கும் பெயர். மருத்துவச் சேர்க்கைக்கு மேல்நிலை மதிப்பெண்ணே அளவுகோலாக இருந்த காலத்தில், தமிழகத்தின் எட்டுத் திக்கிலிருந்தும் பெற்றோர் நகையை அடகு வைத்துப் பிள்ளைகளை இங்கே கொண்டுவந்து விட்டனர். 'பிராய்லர் பள்ளி' என்று ஊரார் வைத்த பெயரில் கேலி உண்டு. கேலியைவிட உண்மை மிகுதி. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, ஈராண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்தனர் பலர். அதற்கு அணைபோடத்தான் 2018 மார்ச்சில் மேல்நிலை முதலாண்டுக்கும் அரசு பொதுத் தேர்வு நடத்தியது. அதற்கு முந்திய ஆண்டே, 2017இல், நீட் வந்துவிட்டது. கூண்டு மாறவில்லை, தீவனம் மாறிற்று.

நான் பணியாற்றிய பள்ளியொன்றில், மாலைப் படிப்பு நேரத்தில் ஒரு மாணவன் மயங்கி மேசைமீது சாய்ந்தான். அருகிலிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான்; சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தான்; மீண்டும் குனிந்து விடை குறிக்கத் தொடங்கினான். தண்ணீர் கொண்டு ஓடியவர் காவற்காரர். குனிந்தவன் கொடியவனா? அல்லவே அல்லன்! எழுந்தால் நேரம் போகும், நேரம் போனால் வரிசை எண் இறங்கும் என்று நாளெல்லாம் அவன் காதில் ஓதியிருக்கிறோம். தான் ஓடுகையில் பக்கத்தில் விழுபவனைப் பாராதே என்று ஈராண்டு பயிற்றுவிக்கிறோம். பிறகு கல்லூரியில் 'நோயாளியாக இருப்பது என்றால் என்ன?' என்று கேட்கச் சொல்லி ஏடு எழுதுகிறோம்!

இன்னொன்றையும் ஆசிரியன் என்ற முறையில் சொல்லியாக வேண்டும். மருத்துவச் சேர்க்கையில் தமிழ் மதிப்பெண்ணுக்கு இடமில்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆகவே அத்தகைய பள்ளிகளில் தமிழ் வகுப்பு என்பது, இயற்பியலார் கேட்டவுடன் கொடுத்துவிடும் இரவல் நேரம். பிறர் துன்பத்தைக் கதையாகவும் பாட்டாகவும் கேட்டு மாணவன் நெஞ்சு நெகிழும் ஒரே மணி நேரம் அது. அதைப் பிடுங்கி வேறு பாடத்துக்குத் தந்துவிட்டு, நெகிழ்வு எங்கே என்று தேடுகிறோம்.

மொழி என்றதும் சிலர் முகம் சுளிப்பர்: "மருத்துவத்துக்கும் மொழிப்பற்றுக்கும் என்ன தொடர்பு?" பற்றை விடுங்கள், வலியைப் பேசுவோம். ஆங்கிலத்தில் கற்ற மாணவன் 'பெயின்' என்று ஒரு சொல்லில் எழுதிவிடுகிறான். எங்கள் பக்கத்து ஆத்தாவைக் கேட்டுப் பாருங்கள். வயிறு என்றால் கடுக்கும், காது என்றால் குடையும், கால் உளையும், விலா குத்தும், புண் எரியும், பல் விண்விண்ணென்று தெறிக்கும், நரம்பு சுண்டி இழுக்கும். ஒவ்வொன்றும் வேறு வலி. ஒவ்வொன்றுக்கும் வேறு காரணம் இருக்கலாம். "மேலுக்கு முடியலீங்க, சாமி" என்று அவர் தொடங்கும்போது அதற்குள் காய்ச்சலும் இருக்கும், கடனும் இருக்கும், மகன் கைவிட்ட கவலையும் இருக்கும். அந்தச் சொற்களின் வாசலில் நுழையத் தெரியாதவன் எப்படிப் பரிவு காட்டுவான்? பத்துக்கு எத்தனை வலிக்கிறது என்று எண் கேட்பான். மதிப்பெண்ணில் வளர்ந்தவனல்லவா!

இதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உணர்ந்த ஒருவர் இருந்தார், தமிழரல்லர், அமெரிக்கர். 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான். கற்றவர்களோ அரசு ஊதியம் தேடி ஊரை விட்டு அகன்றனர். கிராமத்து நோயாளியின் அருகிலேயே நிற்கும் மருத்துவர் வேண்டுமானால் கிராமத்து மொழியில்தான் கற்பிக்க வேண்டும் என்று துணிந்தார். மேல்நாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார், கலைச்சொல் கண்டார், அறுபது பேருக்கு மேல் பயிற்றுவித்தார். சமயம் பரப்ப வந்தவர்தாம் அவர். அவர் சமயத்தை அவரே வைத்துக்கொள்ளட்டும். அந்தத் துணிவை நாம் கடன் கேட்போம்.

இங்கே நம்மவரின் கவலையோ வேறு! 2022இல் மதுரை மருத்துவக் கல்லூரியில் மாணவர்கள் ஹிப்போகிரட்டீஸ் உறுதிமொழிக்கு மாறாகச் சரகர் பெயரிலான உறுதிமொழி எடுத்தது பெரும் புயலாயிற்று. கல்லூரி முதல்வர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். பின்னர் மீண்டும் அமர்த்தப்பட்டார். பழைமையைப் பின்வாசல் வழியாகப் புகுத்துவதை எதிர்த்தது சரியே. ஆனால் கிரேக்கனின் சொல்லா, சரகனின் சொல்லா என்று வாதிட்டவர்களில் எத்தனை பேர், அந்தச் சொல் எதுவாயினும் வெளி நோயாளி வரிசையில் நிற்கும் கிழவிக்கு என்ன பயன் என்று கேட்டனர்?

பயனில்லாத சொல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் காண மதுரை போக வேண்டா; பள்ளிப்பாளையம் போதும். காவிரிக் கரையில், விசைத்தறி ஓசைக்கு நடுவில் வாழும் ஊர். 2025 ஜூலையில், கடனில் மூழ்கிய தறித் தொழிலாளர்களின் சிறுநீரகங்களைத் தரகர்கள் விலை பேசினர் என்ற செய்தி வெளிவந்து நாட்டை உலுக்கியது. அரசு விசாரித்தது, இரு தனியார் மருத்துவமனைகளின் உறுப்பு மாற்று உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டது, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. குற்றவாளி யாரென்று நீதிமன்றம் சொல்லட்டும். நான் பார்ப்பது ஒரு தாளை. 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி, நெருங்கிய உறவினர் அல்லாதவர் உறுப்பு தருவதானால், பெறுபவர்மீது கொண்ட அன்போ பற்றோ வேறு சிறப்புக் காரணமோ இருக்க வேண்டும். அதற்கென்று ஒரு குழு ஒப்புதல் தர வேண்டும். அன்பு! சட்டமே அன்பைக் கேட்கிறது! தறி ஓட்டுபவனுக்கு, முன்பின் அறியாத செல்வர்மீது திடீரென்று சிறுநீரகத்தையே ஈயும் அன்பு பிறந்ததாகத் தாள் சொன்னால், அந்தத் தாளைக் கையில் வாங்கும் மருத்துவர் அவன் முகத்தை ஒரு கணம் பார்க்க வேண்டாமா? "உனக்கு எவ்வளவு கடன், தம்பி?" என்று ஒரு சொல் கேட்க வேண்டாமா? கையொப்பம் இருந்தால் போதும், கருணை இருந்ததாகப் பொருள் என்று மாணவப் பருவத்திலேயே பழக்கப்பட்டவர் கேட்பாரா?

மருத்துவர்மீதே பழியனைத்தையும் சுமத்துபவன் அல்லன் நான். பயிற்சி மருத்துவரின் வேலை, பொதுவாக வாரத்திற்கு 48 மணி நேரத்தைத் தாண்டலாகாது என்று மைய அரசு 1992லேயே நெறி வகுத்தது. இரவும் பகலும் சேர்த்து இருபத்துநான்கு மணி நேரத்துக்கு மேல் விழித்து, நின்றபடியே தேநீர் குடித்து, அடுத்த நோயாளியைப் பார்க்கும் இளைஞர்களைக் கேளுங்கள், அந்நெறி எந்தப் பெட்டியில் உறங்குகிறதென்று! 2024 நவம்பரில் சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவரை நோயாளியின் மகனே கத்தியால் குத்தினான். தூக்கமும் பாதுகாப்பும் தராமல் பரிவை மட்டும் கேட்பது, தீவனம் போடாமல் முட்டை கேட்பதற்கு ஒப்பாகும்.

ஏட்டைவிட எனக்குப் பிடித்தது ஆணையம் பின்னர் கொண்டுவந்த மற்றொன்று: மாணவன் ஒவ்வொருவனும் சிற்றூர்க் குடும்பங்கள் சிலவற்றைத் தத்தெடுத்து, படிக்குங்காலம் முழுதும் அவர்கள் நலம் பேணும் திட்டம். கட்டிலில் கிடக்கும்போது 'கேஸ்' ஆனவர், வீட்டில் கண்டால் பொன்னம்மாள் ஆகிறார்; அடுப்பு தெரிகிறது, அரிசிப் பானை தெரிகிறது, மாத்திரை வாங்காத காரணமும் தெரிகிறது. நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் நூறு இடங்களோடு திறக்கப்பட்டது. கொல்லிமலைக்காரரும் தறிக்காரரும் சேகோ ஆலைக்காரரும் வாழும் மாவட்டம். இத்திட்டத்திற்கு இதைவிட வளமான மண் எங்கே கிடைக்கும்? பேருந்தில் போய் முகாம் நடத்திப் படம் பிடித்துத் திரும்புவதாக அது முடிந்துவிடக் கூடாது. அவ்வளவே என் அச்சம்.

தேர்வு முறையிலும் ஒரு திருத்தம் கேட்பேன். இறுதித் தேர்வன்று மாணவன் ஒரு நோயாளியிடம் கேட்டறிந்து, சோதித்து, கட்டிலருகில் நின்றபடி தேர்வாளரிடம் ஆங்கிலத்தில் ஒப்பிக்கிறான். இருவருக்கும் நடுவில் அவர் படுத்திருக்கிறார். தம்மைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதற்கு மேல் ஒன்றும் புரியாமல், முகத்துக்கு முகம் மாறி மாறிப் பார்க்கிறார். ஒப்பித்து முடித்ததும் தேர்வாளர் அடுத்த கட்டிலுக்கு நகராமல் ஐந்து நிமிடம் நிற்கட்டும். "இப்போது இவருக்கு என்ன நோய், நாம் என்ன செய்யப் போகிறோம் என்பதை இவருக்கே சொல்" என்று மாணவனைப் பணிக்கட்டும். மாணவன் சொல்லட்டும், தமிழில். சொல்லி முடித்தபின் தேர்வாளர் நோயாளியின் பக்கம் திரும்பி, "உங்களுக்குப் புரிந்ததா, அம்மா?" என்று கேட்டு, அவர் சொல்லும் விடைக்கேற்ப மதிப்பெண் இடட்டும்.