பாறையும் மணலும்: நிலக்காட்சி ஓவியர் சிலரைப் பற்றி

செஞ்சிக்கு வடக்கே சிங்கவரத்துக் குன்றில், பல்லவர் காலத்துக் குடைவரையில் பள்ளிகொண்டிருக்கும் அரங்கநாதரைச் சேவித்துவிட்டுப் படியிறங்கும்போது தெற்கே நோக்கினால், ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் சந்திரகிரியும், பெரும் பாறைகளைச் சரிவெல்லாம் சுமந்துகொண்டு, வயல்களுக்கும் பனைமரங்களுக்கும் அப்பால் எழுந்து நிற்கின்றன. ராஜா தேசிங்கின் கதையை அறியாத தமிழர் குறைவு. ஆனால் இப்பாறைகளின் ரூபத்தையும் வர்ணத்தையும் தம் வாழ்நாள் விஷயமாகக் கொண்ட ஓவியர் என்று ஒரு பெயர் நம் நாவில் எழுவதில்லை. இக்குறை செஞ்சிக்கு மட்டும் உரியதன்று. நம் தேசத்து நிலக்காட்சி ஓவியத்தின் சரித்திரம் பெரும்பாலும் வழிப்போக்கர்களின் சரித்திரமே என்பது என் அபிப்பிராயம்.

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்துப் பாடிய மரபு நம்முடையது. ஆயினும் நம் சுவரோவியர்கள் நிலத்தைத் தனியே நிறுத்தி எழுதவில்லை. சித்தன்னவாசல் விதானத்துத் தாமரைத் தடாகம் கூடச் சமண சமயக் கதையொன்றின் அங்கமாகவே கருதப்படுகிறது.

நிலக்காட்சிக்கென்றே இங்கு வந்தவர்களில் தலையாயவர்கள் ஆங்கிலேயரான தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் குமாரர் வில்லியமும் ஆவர். 1792இல் சென்னையிலிருந்து புறப்பட்டுக் குமரிமுனை வரை யாத்திரை செய்த இவ்விருவரும், காட்சியைத் தாளின்மீது விழச்செய்யும் கேமரா அப்ஸ்க்யூரா என்னும் கருவியின் உதவியால் கோட்டைகளையும் கோபுரங்களையும் பிழையறக் கோடிழுத்தார்கள். அவர்கள் கண்ட பாபநாசத்து அருவி லண்டனில் அச்சுப்படமாக வெளிவந்தது 1804இல். பன்னிரண்டு வருஷங்கள் கழித்து, வேறொரு வானத்தின் கீழ் அமர்ந்து இட்ட வர்ணத்தில் நம் வெயிலின் உக்கிரம் தணிந்துபோனதில் வியப்பென்ன? வில்லியம் பிற்காலத்தில் பிரிட்டனின் கரையோரமெல்லாம் சுற்றி, 1814 முதல் 1825 வரை 308 படங்களை வெளியிட்டார். ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலிலுள்ள ஸ்டாஃபா தீவின் கருங்கல் தூண்களும் அவற்றில் இடம்பெற்றன. அங்கும் அவர் வழிப்போக்கரே.

ஸ்டாஃபாவுக்குத் தெற்கே அயோனா என்றொரு சிறு தீவு இருக்கிறது. 563இல் புனித கொலம்பா மடம் அமைத்த புண்ணிய க்ஷேத்திரம் அது. நீளம் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் அதிகமிராது. எடின்பரோவைச் சேர்ந்த ஓவியர் பிரான்சிஸ் கேடல் 1912இல் முதன்முறையாக அங்கே சென்றார். அதன்பின், யுத்த காலம் நீங்கலாக, இருபதாண்டுகளுக்குக் குறையாமல் கோடைதோறும் அதே கரைகளை நாடினார். 1920இல் அவரோடு சேர்ந்துகொண்ட நண்பர் சாமுவேல் பெப்ளோ, மேகமூட்டத்தில் கறுக்கும் கரைப்பாறைகளை விரும்ப, கேடலோ வெண்மணலையும் அதன்மேல் பச்சையாகவும் நீலமாகவும் மாறும் ஆழமற்ற நீரையும் விடாமல் தீட்டினார். அவர் கையாண்ட யுக்தியொன்று கவனிக்கத் தக்கது: பலகையின்மீது எண்ணெயை உறிஞ்சும் வெண்பூச்சைத் தடவி, அதன்மேல் வர்ணத்தை இட்டு, ஒருபோதும் வார்னிஷ் பூசலாகாது என்று பின்புறத்தில் எழுதிவைத்தார். பளபளப்பு ஏறினால் சுண்ணாம்பு போன்ற அந்த உலர்ந்த ஒளி கெட்டுவிடுமல்லவா? அந்த மணலே அவருக்குச் சித்திர முறையைக் கற்பித்தது என்பேன்.

நம்மிடையே இத்தகைய சிரத்தைக்கு உதாரணங்கள் இல்லாமலில்லை. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராயிருந்த கே.சி.எஸ். பணிக்கர், இளமையில் தென்னைகளையும் நீர்நிலைகளையும் தீட்டிய நீர்வர்ணச் சித்திரங்களாலேயே முதலில் அறியப்பட்டவர். 1966இல் ஈஞ்சம்பாக்கத்துக் கடலோரத்தில் அவர் சோழமண்டலக் கலைஞர் கிராமத்தைத் தோற்றுவித்த காலத்திலோ, அவருடைய திரைகளில் கடலும் மணலும் அல்ல, எழுத்துகளும் சின்னங்களுமே நிறைந்திருந்தன. ஆனந்த விகடனில் கோயில்களைக் கோடுகளால் எழுப்பிய சில்பி, ஸ்தலத்திலேயே அமர்ந்து பொறுமையோடு வரைந்தவர். ஆனால் அவருடைய பக்தி சிற்பத்தின்பால் சென்றது.

சிங்கவரத்துப் பாறைகளுக்கு இன்னும் ஒருவர் வேண்டும். காலையில் சாம்பலாகவும், உச்சிவேளையில் கண்கூசும் வெளுப்பாகவும், சாயங்காலத்தில் செம்மண் பூசினாற்போலவும், ஐப்பசி மழையில் நீர் வடிந்த தடங்கள் கறுத்தும் தோன்றும் இக்கற்களைக் கேடலின் வெண்பூச்சின்மீது தீட்ட முடியாது. இதற்கு வேறு அடிப்பூச்சு, ஒருவேளை காவி கலந்த வெதுவெதுப்பான ஒன்று, தேவைப்படும். அதைக் கண்டுபிடிக்கச் சித்திரைக் கத்தரியிலும் மார்கழிப் பனியிலும் வருஷந்தோறும் இப்படிகளில் ஏறி இறங்கக்கூடிய, இந்த ஊரிலேயே ஒரு வாடகை அறை எடுத்துத் தங்கச் சம்மதிக்கிற இளைஞர் ஒருவர் முன்வர வேண்டும்.