ஒரே படத்தை இரண்டு தடவை கொடுத்தால்

இணையதளம் கட்டும் மென்பொருள் எது கைக்கு வந்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: ஒரே படத்தை இரண்டு தடவை கொடுத்தால் என்ன செய்கிறது? தீம்களின் அழகெல்லாம் அப்புறம். யாரை மனதில் வைத்து அதை எழுதினார்கள் என்பது இந்த ஓர் இடத்தில் தெரிந்துவிடும்.

வேர்ட்பிரஸ்ஸில் ‘லோகோ’ என்ற படத்தை ஏற்றிவிட்டு, அதே மாதத்தில் அதே பெயரில் மறுபடி ஏற்றினால் ‘லோகோ-1’ ஆகிவிடும். உள்ளே இருப்பது ஒன்றேதானா என்று அது பார்ப்பதில்லை. பெரிய படமென்றால் 150, 300, 768, 1024 பிக்செல் என்று அளவுக்கொரு நகலும் எடுத்து வைக்கும். ஆக, ஒரு குடும்பமே இரட்டிக்கிறது. இருந்தும் இந்த முடிவை நான் மதிக்கிறேன். பலர் கைபடும் தளத்தில் ஒருவர் ஏற்றும் படம் இன்னொருவரின் பழைய பதிவைக் கெடுத்துவிடக் கூடாது. விலை, சுத்தம் செய்யும் நாளில்தான் தெரியும். எந்தப் பதிவுக்காக ஏற்றியது என்று மீடியா லைப்ரரி ஒரே ஒரு தலைப்பைத்தான் காட்டும். படம் இன்னும் பத்துப் பதிவுகளில் இருக்கலாம். அழிக்கக் கை வராது.

2013இல் ஸ்டீவ் பிரான்சியா தொடங்கிய ஹியூகோவில் கட்டுரையும் அதன் படங்களும் ஒரே ஃபோல்டரில் குடியிருக்கலாம். ஃபோல்டரைத் தூக்கி வேறிடத்தில் வைத்தாலும் படம் கூடவே வரும். ஆனால் இரண்டு கட்டுரைகளுக்கு ஒரே படம் வேண்டுமென்றால் இரண்டு பிரதி. பொது ஃபோல்டரில் ஒன்றாக வைத்தால், கட்டுரை தனியாக நகரும் சுதந்திரம் போகிறது. இரண்டு வழிகளையும் திறந்து வைத்து, முடிவை நம்மிடமே விட்டிருக்கிறார்கள்.

என் மனம் கவர்ந்தது இலெவன்ட்டி என்ற தளம் கட்டும் மென்பொருளின் படச் செருகுநிரல். அது படத்தின் உள்ளடக்கத்தைக் கணக்கிட்டு, பத்து எழுத்துக் கைரேகை ஒன்றை எடுத்து, அதோடு அகலத்தையும் சேர்த்துப் பெயராக்குகிறது. உள்ளடக்கமும் அமைப்புகளும் ஒன்றானால் கைரேகையும் ஒன்று. எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் எழுதச் சொன்னால் எத்தனை முறை கொடுத்தாலும் வெளியே வருவது ஒரே தொகுதிதான். படத்தைத் திருத்தினால் பெயரும் மாறும். அதனால் பிரவுசரிடம் ‘இதை 31536000 விநாடி, அதாவது ஓராண்டு, வைத்துக்கொள்’ என்று தைரியமாகச் சொல்லலாம். பழைய படம் ஒட்டிக்கொள்ளாது. இழப்பும் உண்டு. பெயரைப் பார்த்து எந்தப் படம் என்று சொல்ல முடியாது. வெளியிலிருந்து யாராவது படத்துக்கு நேரடியாக லிங்க் கொடுத்திருந்தால், திருத்திய பிறகு அது அறுந்துபோகலாம்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இதில் இன்னொரு லாபம். ‘கோவில்’ என்பதில் வரும் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் இம்மி வித்தியாசம் தெரியாது. லினக்ஸ் சர்வருக்கோ அவை இரண்டு வெவ்வேறு கோப்புகள். மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ்+ கோப்பு முறை அந்தக் குறியைப் பிரித்தே சேமிக்கும். அங்கிருந்து சர்வருக்குப் போன படம், சேர்த்து எழுதிய லிங்க்கில் கிடைக்காது. இலெவன்ட்டி வெளியிடும் பெயரில் தமிழ் எழுத்தே இல்லாததால் சர்வரில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. மூலப் படத்தின் பெயரும் கட்டுரையில் எழுதிய பெயரும் பொருந்தாவிட்டால், கோப்பு இல்லை என்று சொல்லி, தளத்தைக் கட்டும் வேலை (பில்ட்) அங்கேயே நின்றுவிடும். வாசகருக்குப் போகும் முன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறது. இந்தக் கண்டிப்புக்காகவே பல்லாண்டு நிலைக்க வேண்டிய ஆவணத் தளத்துக்கு இதைத்தான் எடுப்பேன்.