சுந்தரர் பெற்ற மன்னிப்பு

யாழ்ப்பாணத் தீவகத்துக் கரம்பொன் கோயில் மணியும் தேவாலய மணியும் ஒருங்கு கேட்கும் ஊர். தமிழின் பெருமையை உலகறியச் செய்த கத்தோலிக்கத் துறவியாராகிய தனிநாயக அடிகள் (1913–1980) பிறந்த ஊரும் அதுவே. பாவத்தை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுவதற்கு அயலவரிடம் ஒழுங்கான முறையொன்று இருத்தலைக் காணும் சைவ மாணவர், நம்மிடம் அஃது யாண்டுளது என வினவுவது இயல்பே. அவ்வினாவிற்கு விடை தேடுவோர் பெரும்பாலும் திருவாசகத்தையே நாடுவர். ஆயின், குற்றமும் ஒறுப்பும் மன்னிப்பும் ஒரு கதையாகவே விரியும் இடம் பெரியபுராணத்துச் சுந்தரர் வரலாறாம்.

திருவொற்றியூரிற் சங்கிலியாரை மணக்க விழைந்த சுந்தரர், பிரியேன் எனச் சூளுரைக்க வேண்டியவரானார். சந்நிதியிற் சூளுரைக்குங்கால் இறைவன் மகிழமரத்தின்கீழ் எழுந்தருளியிருக்க வேண்டுமென இரகசியமாக வேண்டிக்கொண்டார். இறைவனோ அதற்கிசைந்து, மகிழின்கீழ்ச் சூளுறக் கேட்குமாறு சங்கிலியார்க்கும் கனவில் உணர்த்திவிட்டான். இதனைத் திருவிளையாட்டெனக் கூறி நகைத்து அப்பாற் செல்லும் உரைகாரர் பலர். சேக்கிழார் அவ்வாறு செல்லவில்லை. தோழனை ஏய்க்க எண்ணியதே முதற்குற்றம் என்பது கதையமைப்பிலேயே விளங்குமாறு வைத்துள்ளார். பின்னர் ஆரூர் வசந்தவிழாவை நினைந்து சுந்தரர் ஒற்றியூர் எல்லையைக் கடந்தார்; கண்ணிரண்டும் மறைந்தன.

இனி வரும் பதிகங்களே ஆராயத்தக்கவை. ஒற்றியூர்ப் பதிகத்திற் கேட்பது அடிபட்டவனின் குரல். தன் இழிவைச் சொல்லி அழுகின்ற அக்குரல், முக்கண்ணுடையான் அடியவன் கண்ணைக் கொள்வது முறையாயின், ஊன்றுகோலாவது தருக என்றும் கேட்கிறது. திருவெண்பாக்கத்திற் கோல் கிடைத்தது, கண் கிடைக்கவில்லை. அங்கே குரல் மாறுகின்றது: பொறுப்பான் என்னும் துணிவினாலன்றோ பிழைசெய்தேன், பொறாமையாற் பழி யாருக்கு என்று கேட்கின்றார். காஞ்சியில் இடக்கண் பெற்றபொழுது வியப்பொன்றே மிகுகின்றது. ஆரூரிலோ, அடியார் உள்ளம் வெந்து நிற்க வாளாவிருப்பீராயின் நீரே வாழ்ந்துபோம் என ஏசுகின்றார். வலக்கண் அப்பொழுதே வந்தது.

குற்றவாளி நாளுக்கு நாள் பணிவு மிகுதல் வேண்டும் என்பதே உலகியல். ஈண்டோ பணிவு குறைந்து உரிமை வளர்கின்றது. இதனைச் செருக்கென்பார் கருத்து ஏற்புடைத்தன்று. குற்றவுணர்வு மிக்கவன் முதலில் இழப்பது இறைவனோடு பேசும் வாயையே. அவ்வாயைச் சுந்தரர் ஒருநாளும் இழந்திலர். கோலும் கண்களும் அதன்பின் வந்தவை. மன்னிப்பும் ஒறுப்பும் ஒருங்கே நிகழ்தல் முரணாகாது. தீக்கையாற் சஞ்சிதம் அழியினும் பிராரத்தம் உடலோடு நின்று நுகரப்பட்டே கழியும் என்பது சித்தாந்தம். குருவானவர் பாவமன்னிப்பு அளித்தபின்னும் பரிகாரம் செய்யவேண்டும் என்னும் கத்தோலிக்கர் கொள்கையும் இதற்கு நெடுந்தொலைவிலதன்று.

எனினும் ஒருவகையில் அவர் முறை நம் கதையை மடக்குகின்றது. பிறர்க்கிழைத்த தீங்கிற்கு இயன்றவளவு ஈடுசெய்தல் அப்பரிகாரத்தின் ஒரு கூறாம். சூள் பிழைத்தது இறைவனுக்கு மட்டுமோ? ஆரூரிற் பரவையார் ஊடியபொழுது இறைவனே நள்ளிரவில் இருமுறை தூதுநடந்தான். ஒற்றியூருக்கோ தூது சென்றதாகப் புராணம் கூறவில்லை. கண் தந்தவனும் பெற்றவனும் மீண்டும் தோழராயினர். மகிழின்கீழ் அச்சூளைக் கேட்டவரைச் சேக்கிழார் பின்னர்க் காட்டுவது திருக்கயிலையில், உமையம்மையார் பணிக்கு மீண்ட அனிந்திதையாராகவே.