தொடாமல் நிற்கும் குழல்

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் தங்கள் ரைஃபிளைச் சோதிக்க ஒரு டாலர் நோட்டை எடுப்பார்கள். குழலுக்கும் முன்கட்டைக்கும் நடுவே நோட்டைச் செருகி, அதன் இரண்டு ஓரங்களையும் விரல்களால் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து பின்பக்கமாக மெல்ல இழுத்து வருவார்கள். தோட்டாவை ஏற்றிப் பூட்டும் இரும்பு உடலுக்கு ஆக்‌ஷன் என்று பெயர். அதுவரை நோட்டு தடையில்லாமல் வந்துவிட்டால் குழல் எதன் மேலும் படாமல் நிற்கிறது என்று அர்த்தம். நடுவில் சிக்கினால் அந்த இடத்தில் கட்டை குழலைத் தொடுகிறது. கருவி எதுவும் வேண்டாத சோதனை இது. விரலுக்கு மட்டுமே தெரிகிற அந்தச் சின்னத் தடை, நூறு கஜத்துக்கு அப்பால் குண்டு விழும் இடத்தை மாற்றக்கூடியது.

ஏன் மாற்றுகிறது என்று பார்த்தால் அதிலும் ஒரு சுவை இருக்கிறது. .30-06 தோட்டா வெடிக்கும்போது, அது உட்காரும் அறைக்குள் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு வரை அழுத்தம் எழும்பலாம். குண்டு குழலைக் கடந்து வெளியேற ஒரு மில்லி விநாடியோ, அதற்குச் சற்று மேலோதான் ஆகும். அந்த நொடித் துளிக்குள் எஃகுக் குழல் முழுவதும் அதிர்கிறது. அதன் நுனி மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைகிறது. நுனி எந்த நிலையில் இருக்கும்போது குண்டு விடைபெறுகிறதோ அந்தத் திசையில் போகும். அதிர்வை யாராலும் நிறுத்த முடியாது. ஒவ்வொரு முறையும் அதே மாதிரி அதிரவைக்க முடியும். துல்லியம் என்று நாம் சொல்வது அவ்வளவுதான். தம்புராவில் தந்திக்கும் அது தங்கும் மேட்டுக்கும் நடுவே ஒரு நூலை நகர்த்தி நகர்த்தி நாதத்தைக் கண்டெடுக்கிறார்களே, அந்த நுணுக்கத்துக்கு இது ஒன்றும் குறைந்ததல்ல. அங்கே தொடுவதால் கிடைப்பது, இங்கே பெரும்பாலும் தொடாமலிருப்பதால் கிடைக்கிறது.

அளவுகோலும் நுட்பமானது. ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குக் கோணம், 100 கஜத் தூரத்தில் 1.047 அங்குலமாக விரிகிறது. விலை குறைந்த ரைஃபிள் ஒன்று ஐந்து குண்டுகளை அந்த வட்டத்துக்குள் போட்டால் அதன் சொந்தக்காரர் அந்தக் காகித இலக்கைப் பத்திரப்படுத்தி வைப்பார். நம் ஊரில் என்.சி.சி. முகாமில் .22 ரைஃபிள் சுட்டவர்களுக்கு 'குரூப்பிங்' பழக்கமான சொல். மையத்தில் படுகிறதா என்பது அங்கே இரண்டாவது கேள்விதான்; எல்லாம் ஒரே இடத்தில் கூடுகிறதா என்பதே முதல் கேள்வி. கூடினால் மையத்துக்கு நகர்த்துவது தொலைநோக்கியின் திருகு வேலை. கூடாவிட்டால் திருகி என்ன பயன்?

விலை மலிவு என்றால் வேலைப்பாடு மட்டம் என்று பலரும் நினைப்பார்கள். ரைஃபிள் விஷயத்தில் அப்படி இல்லை. 1948இல் வந்த ரெமிங்டன் 721இன் ஆக்‌ஷனை உருண்டைக் கம்பியிலிருந்து கடைந்தார்கள். உதையைத் தாங்கும் முளையைத் தனித் தகடாகச் செய்து, குழலுக்கும் ஆக்‌ஷனுக்கும் நடுவே வாஷர் போலச் செருகினார்கள். செலவைக் குறைக்கச் செய்த வேலைதான். ஆனால் உருண்டையான பொருளைக் கடைசலில் நேராகக் கடைவது சுலபம். நேராக இருப்பது துல்லியத்துக்கு நல்லது. 1958இல் நிகலஸ் புருவர் வடிவமைத்த சாவேஜ் 110 இன்னும் அழகு. குழலை ஆக்‌ஷனில் முறுக்கி, அதன் மேல் ஒரு பெரிய நட்டைப் போட்டு இறுக்கிவிட்டார். குழலை எவ்வளவு ஆழம் முறுக்க வேண்டும் என்பதை, இதற்கென்றே உள்ள அளவு உருளையை அறைக்குள் வைத்துப் பார்த்துவிட்டு நட்டை இறுக்கினால் போதும். தேர்ந்த கைவினைஞர் கடைசலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி வரவழைக்கும் அளவு இங்கே ஒரு திருகலில் கிடைக்கிறது. அந்த நட்டு பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கு அது ரைஃபிளின் மிக அழகான உறுப்பு.

அதே வடிவமைப்பில் இன்னொரு நுணுக்கம்: தோட்டாவைத் தள்ளிப் பூட்டும் தண்டான போல்ட்டின் தலை தனித் துண்டு. குறுக்கே ஒரு ஊசி அதைப் பிடித்திருக்கிறது. இறுக்கமாக அல்ல, மயிரிழை ஆட விட்டு. பூட்டும்போது அந்தத் தலை தானே அசைந்து, இரண்டு பூட்டுப் பற்களும் ஆக்‌ஷனின் சுவரில் சமமாகப் பதியும்படி உட்கார்ந்துகொள்கிறது. மற்ற ரைஃபிள்களில் இதே சமநிலைக்காகப் பொடி பூசித் தேய்ப்பார்கள். ஆட விட்டதாலேயே சரியாக உட்காருகிறது என்பதை நினைக்க நினைக்க வியப்பாக இருக்கிறது.

2010இல் எட்ஜ் என்ற பெயரில் வந்து பிறகு ஆக்ஸிஸ் ஆன சாவேஜின் சிக்கன ரைஃபிளிலும் இந்த நட்டும் ஆடும் தலையும் உண்டு. ஆக, குழலிலும் பூட்டிலும் பெரிதாக ஒன்றும் மிச்சம் பிடிக்கவில்லை. மிச்சம் பிடித்தது கட்டையில். பிளாஸ்டிக் முன்கட்டை கையால் அழுத்தினாலே வளையும். சும்மா பிடித்திருக்கும்போது டாலர் நோட்டு தாராளமாக நழுவும். இருகால் தாங்கியில் வைத்து முன்னால் சாய்ந்தால் கட்டை வளைந்து குழலைத் தொட்டுவிடும். ஒரு தடவை தொடும், ஒரு தடவை தொடாது. குரூப் கலைவதற்கு வேறு காரணமே வேண்டாம்.

வீட்டிலேயே செய்யும் மாற்று வேலை இங்கேதான் சுவைக்கிறது. முன்கட்டையின் உள்ளே பிளாஸ்டிக் விலாக்களுக்கு இடையில் காலிக் குழிகள் இருக்கும். அவற்றைச் சொரசொரப்பாக்கி, உடைந்த கார்பன் அம்புத் தண்டுகளையோ அலுமினியக் கம்பிகளையோ நீளவாக்கில் பதித்து, மேலே எபாக்ஸியை ஊற்றி ஆறவிடுவார்கள். வில் வேட்டையில் ஒடிந்த அம்பு, துப்பாக்கிக் கட்டைக்கு முதுகெலும்பாகிறது. மறுநாள் அழுத்தினால் கட்டை அசையாது. இன்னும் எங்காவது தொட்டால், கனமான குச்சியில் உப்புத்தாளைச் சுற்றி அந்த இடத்தை மட்டும் தேய்ப்பார்கள்.

அடுத்தது பெட்டிங். இந்த வேலை முழுவதிலும் நான் மிகவும் ரசிப்பது இதைத்தான். ஆக்‌ஷன் கட்டையில் எங்கே உட்காருகிறதோ அந்தப் படுகையை எபாக்ஸி கொண்டு அச்சு அசலாக வார்ப்பது பெட்டிங். இரும்பு எந்த வடிவில் இருக்கிறதோ அதே வடிவில் படுகை அமைந்தால், ஒவ்வொரு உதைக்குப் பிறகும் அது அதே இடத்துக்குத் திரும்பி வரும். முதலில் ஆக்‌ஷனில் எபாக்ஸி புகக்கூடாத ஓட்டைகளையும் பள்ளங்களையும் குழந்தைகள் விளையாடும் களிமண்ணால் அடைப்பார்கள். பிறகு ஒட்டாமலிருக்க மெழுகு பூச வேண்டும்; பலர் கையில் எடுப்பது நிறமில்லாத ஷூ பாலிஷ். இரண்டு மூன்று பூச்சு பூசி, துணியால் தேய்த்து மினுக்குவார்கள். மெழுகு படாத ஒரு பொட்டு இருந்தால் போதும், ரைஃபிளும் கட்டையும் பிரிக்க முடியாத ஒரே பொருளாகிவிடும்.

உதை தாங்கும் முளையைக் கவனிப்பதில்தான் கைதேர்ந்தவர் யார் என்று தெரியும். முளையின் முன்பக்கம், இரு பக்கவாட்டு, அடி ஆகியவற்றில் மெல்லிய டேப்பை ஒட்டுவார்கள். பின்முகத்தை மட்டும் வெறுமையாக விடுவார்கள். வார்த்து முடிந்ததும் டேப்பை எடுத்தால் அதன் கனம் அளவுக்கு மூன்று பக்கமும் அடியிலும் இடைவெளி இருக்கும். பின்முகம் மட்டும் படுகையோடு முழுவதும் ஒட்டி நிற்கும். உதை பின்னோக்கித்தான் வருகிறது. அதைத் தாங்க வேண்டிய இடம் ஒன்றுதான். மற்ற இடங்களும் தொட்டால் எது தாங்குகிறது என்பது ஒவ்வொரு வெடிக்கும் மாறும். டேப்பின் கனத்தில் இவ்வளவு யோசனை இருக்கிறது.

இரவு முழுக்க இறுகவிட்டு, காலையில் ரப்பர் சுத்தியலால் குழலை மெல்லத் தட்டினால் ஒரு சின்னச் சத்தத்தோடு ஆக்‌ஷன் விடுபடும். படுகையைப் பார்த்தால் கடைசல் உளியின் மெல்லிய கோடுகள்கூடக் கண்ணாடி போலப் பதிந்திருக்கும். அந்த வரிகளைப் பார்க்கும் நிமிடத்துக்காகவே சிலர் இந்த வேலையைச் செய்கிறார்கள் என்றால் நம்புவேன். வேலை சரியா என்று சோதிக்க, குழலும் முன்கட்டை நுனியும் சந்திக்கும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு முன் திருகை இறுக்கித் தளர்த்த வேண்டும். இரும்பு நெளிந்தால் விரலில் தெரியும். டயல் கேஜ் வைத்திருப்பவர்கள் அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு பங்குக்குள் அசைவு இருந்தால் திருப்தி அடைவார்கள்.

மரக்கட்டையானால் திருகு போகும் ஓட்டையைச் சுற்றி அலுமினியக் குழாய்த் துண்டு பதிப்பதும் உண்டு. வால்நட் மரம் மழைக்காலத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும், இறுக்கம் மாறும், குண்டு விழும் இடமும் நகரும். குழாய்த் துண்டு மரத்தை நம்பாமல் உலோகத்தை உலோகத்துக்கு இறுக்க உதவுகிறது. திருகை எவ்வளவு இறுக்குவது என்பதை டார்க் ரெஞ்ச் சொல்லும். எண்ணைவிட முக்கியம், எல்லா முறையும் அதே எண்ணாக இருப்பது.

ஒரு நியாயமான மறுப்பையும் சொல்லிவிட வேண்டும். எல்லாக் குழலும் தனித்து நிற்க விரும்புவதில்லை. மெல்லிய குழல் சிலவற்றுக்கு நுனியருகே கட்டையிலிருந்து சில பவுண்டு மேல்நோக்கிய அழுத்தம் இருந்தால்தான் குரூப் இறுகும். தொழிற்சாலைகள் பல காலம் அந்த அழுத்த மேட்டை வேண்டுமென்றே வைத்துத்தான் அனுப்பின. பின்லாந்துக்காரர்கள் ருஷ்ய மோசின்-நாகாந்த் ஆக்‌ஷன்களை எடுத்து, புதிய குழல் பூட்டி, ஆக்‌ஷனுக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய தகடுகளைச் செருகி அளவு கண்டார்கள். அவர்களுடைய எம்/28-30 மாதிரியில் முன்கட்டைக்குள் ஒரு அலுமினிய வளையம் குழலைத் தாங்கும். சோவியத் படையை எதிர்த்த 1939-40 குளிர்காலப் போரில் பின்லாந்தின் பெயர்பெற்ற ஸ்னைப்பர் சிமோ ஹயஹா பயன்படுத்தியது அந்த மாதிரியைத்தான். பிற்காலத்தில் அதே குடும்பத்து ரைஃபிள்கள் அமெரிக்காவில் மிக மலிவாக விற்றபோது, வீட்டுக்காரர்கள் குழலின் நுனியருகே கார்க்கைச் சுற்றி அதே பலனைத் தேடினார்கள். தொடாதே என்பதும், தொட்டால் எப்போதும் ஒரே மாதிரி தொடு என்பதும் ஒரே விதியின் இரண்டு வடிவங்கள்.

குழலின் வாய்விளிம்பு குண்டு கடைசியாகத் தொடும் எஃகு. அங்கே ஒரு பக்கம் சின்னப் பிசிறு இருந்தால், பின்னால் வரும் வாயு அந்தப் பக்கம் முந்திக் கசிந்து குண்டின் அடியைத் தள்ளிவிடும். காது குடையும் பஞ்சுக் குச்சியை உள்ளிருந்து வெளியே இழுத்தால், பிசிறு இருக்கும் இடத்தில் பஞ்சிழை மாட்டும். உருண்டைத் தலைப் பித்தளைத் திருகு ஒன்றைக் கை டிரில்லில் மாட்டி, வால்வு தேய்க்கும் பசையைத் தடவி, வாயில் வைத்து மெதுவாகச் சுற்றியபடி டிரில்லையும் வட்டமாக ஆட்டுவார்கள். முடிந்ததும் விளிம்பைச் சுற்றி சீரான மெல்லிய ஒளிவளையம் தெரியும். பழைய ராணுவ ரைஃபிள்களை வாய்ப் பக்கமிருந்து கம்பி விட்டுத் துடைத்தே இந்த விளிம்பைத் தேய்த்துவிட்டார்கள். சோவியத் பட்டறைகள் அப்படித் தேய்ந்த மோசின்களின் நுனியில் உள்புரியைக் கொஞ்ச நீளத்துக்கு அகலக் குடைந்து, விளிம்பை உள்ளே தள்ளி வைத்தன. புதுக் குழல் போடாமல் புது வாய் கொடுத்த வேலை.

விசையைப் பற்றி ஒன்றுதான் சொல்வேன்: உராய்வு முகங்களை வீட்டில் தேய்க்காதீர்கள். தட்டினாலே வெடிக்கிற நிலைக்குப் போய்விடும். ஸ்பிரிங்கையோ முழு விசைத் தொகுதியையோ மாற்றுவதும் துப்பாக்கி மெக்கானிக் வேலை. எந்த வேலைக்கு உட்காரும் முன்பும் அறையைத் திறந்து கண்ணாலும் விரலாலும் பார்த்து, போல்ட்டைக் கழற்றித் தனியே வைத்துவிடுங்கள்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றிவிடாதீர்கள். கட்டையை இறுக்கினால் அதோடு நிறுத்தி, ஒரே வகைத் தோட்டாவில் குழல் ஆறஆற ஐந்தைந்தாகச் சுட்டுப் பாருங்கள். மூன்று குண்டு அதிர்ஷ்டத்தில்கூட ஒட்டி விழும். சிக்கன ரைஃபிள் சிதறிச் சுட்டால், குழலைக் குறை சொல்வதற்கு முன் கட்டையைப் பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும்.