யார் ஊற்றிய கள்?

உமார் கய்யாமைத் தமிழுக்குக் கொண்டுவந்தபோது கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை ஒரு குறும்பு செய்தார். 1859இல் வெளிவந்த ஃபிட்ஸ்ஜெரால்டின் ஆங்கில நூலில், மர நிழலில் இருப்பவனிடம் ஏதோ ஒரு கவிதைப் புத்தகம் இருக்கும். யார் எழுதியது என்று இராது. கவிமணி அவன் கையில் கம்பனைக் கொடுத்தார். ஒரு பக்கம் பிடித்த கவி, மறுபக்கம் மதுக் கலசம். அந்தப் பாட்டைச் சொல்லி இன்றும் மேடையில் கைதட்டு வாங்கலாம்.

மலேசியாவில், சிலாங்கூரின் வடகோடியில், பெர்ணம் ஆறு கடலைச் சேரும் சபாக் பக்கம் வந்தால் இதே தமிழின் குரல் மாறிவிடுகிறது. தென்னைக்குக் குறைவில்லாத கரையோரம் இது. ஆனால் மலேசியத் தமிழ்க் கதைகளில், நான் படித்தவரை, கள் என்றால் குடிகாரக் கணவன், காலியான சம்பளக் கவர், அடிவாங்கும் மனைவி. கள்ளின் வாசம் அந்தப் பக்கங்களில் வீசுவதில்லை. நாக்கு எங்கே போனது?

பழைய இலக்கியத்தில் அது இருந்தது. அதியமான் இறந்தபோது ஔவை பாடிய புறநானூற்றுக் கையறுநிலைப் பாட்டு கள்ளில்தான் தொடங்குகிறது: கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடக் கேட்டபடி தானும் குடிப்பான் என்று. புரவலனின் குணத்தை அளக்க அவளுக்குக் கிடைத்த அளவுகோல் கள். நக்கீரரின் பாட்டில் யவனர் கொண்டுவந்த குளிர்ந்த தேறல் பாண்டியனின் பொற்கிண்ணத்தில் விழுகிறது. அந்தக் கப்பல் சரக்கின் ஜாடித் துண்டுகள் அரிக்கமேட்டில் கிடைத்தன. 1945இல் தொல்லியலாளர் வீலர் அங்கே தோண்டினார்.

கவிமணி தேர்ந்த கம்பனுக்கே இதில் இரண்டு முகம் உண்டு. பாலகாண்டத்து உண்டாட்டுப் படலத்தில் ஒரு பெண் தன் கிண்ணத்துக் கள்ளில் நிலா தெரிவதைப் பார்க்கிறாள். வானத்துப் பாம்புக்குப் பயந்து இங்கே வந்து ஒளிந்திருக்கிறாய், அஞ்சாதே என்று அதற்கு அபயம் கொடுக்கிறாள். போதையை இவ்வளவு செல்லமாகச் சொன்ன கை, கிட்கிந்தா காண்டத்தில் கொடுத்த வாக்கை மறந்து குடித்துக் கிடந்த சுக்கிரீவன் வாயாலேயே கள்ளைப் பழிக்கவும் வைக்கிறது. வள்ளுவரும் அப்படித்தான். கள்ளுண்ணாமைக்குப் பத்துக் குறள் எழுதியவர், காமத்துப்பாலில் காதலின் மயக்கத்தை அளக்கக் கள்ளையே பக்கத்தில் நிறுத்துகிறார். கண்டிக்கவும் தெரிந்தது, சுவைக்கவும் தெரிந்தது.

கள்ளின் சுவைக்கு ஆயுள் ஒரு பகல். பாளையை இறுகக் கட்டி, நாள்கணக்கில் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவிக் கலயம் மாட்டுவார்கள். விடியலில் இறக்கினால் இனிப்பு தூக்கலாக இருக்கும், வாசம் இளசாக இருக்கும். ஈஸ்ட் அதற்குள் வேலையைத் தொடங்கியிருக்கும். வெயில் ஏற ஏற நுரை பொங்கி, உச்சிப் பொழுதில் நாக்கைச் சுரண்டும் புளிப்பு வரும், மறுநாள் காடிதான். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் மட்டும் பதநீராகவே நிற்கும். திராட்சை மதுவைப் பீப்பாயில் பூட்டி ஆண்டும் ஊரும் எழுதி வைக்கலாம். கள்ளை இறக்கிய இடத்திலேயே குடித்தாக வேண்டும்.

அந்தப் பீப்பாய் நாடான பிரான்சிலிருந்து ஓர் எழுத்தாளர் இந்த வட்டாரத்துக்கே வந்தார். கொன்யாக் பிராந்திக்குப் பேர்போன சாராந்த் பகுதியில், பார்பெசியூவில் 1879இல் பிறந்த ஆன்ரி ஃபோக்கோனியே. கோலசிலாங்கூரில் தோட்டம் போட்டவர். மலாயாவில் வணிக நோக்கில் எண்ணெய்ப்பனை முதலில் நடப்பட்டது 1917இல், அவருடைய தோட்டத்தில். அதன் பெயர் தென்னமரம்; பெயரிலேயே தமிழர் வாய் தெரிகிறது. மலாய்ப் பந்துன் பாடல்கள் இழையோடும் அவருடைய ‘மலேசீ’ நாவல் 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. தோட்டத்தின் மணத்தையும் வெப்பத்தையும் ரசித்து எழுதும் ஓய்வு துரைக்கு இருந்தது. தொழிலாளர் லயத்தில் இருந்தவனுக்கு மாலையில் கள்ளுக்கடைதான் இருந்தது.

ஒரு நாளுக்குள் புளித்துவிடும் பொருள் என்பதால் கடை தோட்டத்துக்குள்ளேயே இருப்பது எல்லாருக்கும் வசதியாயிற்று, முதலில் நிர்வாகத்துக்கு. சம்பளம் கொடுத்த இடமே கள்ளையும் அளந்து ஊற்றியது. காலையில் கொடுத்த காசு மாலையில் அதே வேலிக்குள் நின்றுவிடும். 1941இல் கிள்ளான் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு கள்ளுக்கடையை மூடு என்பதும் கோரிக்கையாக இருந்தது. தலைவர் ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். போருக்குப் பின் கெடாவின் பெடோங் வட்டாரத்தில் தொண்டர் படை கள்ளுக்கடை மறியலில் இறங்கியது.

எழுத்தும் அந்தப் பக்கமே நின்றது. தமிழ்நாட்டிலும் நிலைமை அதுதான். 1929இல் ராஜாஜி மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ இதழ் நடத்த, இளைஞரான கல்கி அதில் எழுதினார். கடலுக்கு இந்தப் பக்கம் அந்தக் குரலுக்குக் காரணம் இன்னும் அதிகம். பின்னாளில் கள்ளின் இடத்துக்குச் சம்சு என்ற மலிவுச் சாராயம் வந்தபோது கதை மரணக் கதையாயிற்று. 1981இல் கெடாவின் லூனாஸில் விஷச் சாராயம் உயிர்களைக் குடித்தது. ம. நவீனின் ‘பேய்ச்சி’ அந்தத் துயரத்தைத் தொட்ட நாவல். ஆபாசம் என்று சொல்லி 2020இல் மலேசிய அரசு அதைத் தடைசெய்தது.

ஆகவே தோட்டத்து எழுத்தாளர்களுக்கு நாக்கு மரத்துப்போகவில்லை. ஔவைக்குக் கள்ளைக் கொடுத்தவன் தன் பங்கை விட்டுக் கொடுத்தவன். லயத்துக்காரனுக்கு ஊற்றியவன் அவன் கூலியைத் திருப்பி எடுத்தவன். அந்தக் கணக்கு தெரிந்த பிறகு நுரையின் வெண்மையைப் பாட யாருக்கு மனம் வரும்? கவிமணியின் நிழலில் இருந்தவனுக்கு அந்தக் கலசத்தின் விலையை யாரும் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளவில்லை. அதனால்தான் அவனுக்குக் கம்பனும் இனித்தான்.