பலா நிற்கும் வளவில் தக்காளிப் பை

வெள்ளிக்கிழமைகளில் கந்தோருக்கு வராதீர்கள், வீட்டில் நின்று மரக்கறி நடுங்கள் என்று 2022 ஜூனில் இலங்கை அமைச்சரவை அரச ஊழியர்களுக்கு மூன்று மாதத்துக்கு விடுப்புக் கொடுத்தது. எரிபொருளும் மிச்சம், சாப்பாட்டுச் செலவும் மிச்சம் என்பது கணக்கு. முந்தைய ஆண்டு இரசாயன உரத்தைத் தடைசெய்து விளைச்சலை விழுத்தியதும் இதே ஆட்சிதான். அந்த செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமானது. கண்டியில் மாடிகளிலும் மதிலோரங்களிலும் உரப்பைகளில் தக்காளியும் மிளகாயும் நின்றன.

இன்று அந்தப் பைகளில் பல வெறுமையாகக் கிடக்கின்றன. சனத்துக்குச் சோம்பல் என்பார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. நட்டதே பிழையான பயிரை.

சுமார் 500 மீற்றர் உயரத்தில், ஐப்பசி கார்த்திகையில் விடாமல் கொட்டும் ஊர் கண்டி. தக்காளிக்கு இது ஒத்துவராது. காய் பிடிக்கும் பருவத்தில், இலை பச்சையாக இருக்கும்போதே செடி மத்தியானத்தில் துவளும். சில நாளில் எழும்பாமலே போகும். தண்டின் அடியை வெட்டித் தெளிந்த தண்ணீர்க் கிளாசில் பிடித்தால், வெட்டுவாயிலிருந்து பால் நூலாக இறங்கும். பற்றீரியா வாடல் அது. வந்த செடிக்கு மருந்தில்லை, கிருமி மண்ணிலேயே தங்கும். மிளகாய்க்கு இலைச்சுருள். தப்பியது குரங்குக்கு, உடவத்தகலைக் காட்டை அண்டிய வீட்டுக்காரரைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். 2023இல் 1 இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் பேச்சு எழுந்தது. 2025 மார்ச் 15 காலை 8 மணிக்கு, ஐந்து நிமிடம் வளவில் நின்று குரங்கு, மர அணில், மயில் எண்ணச் சொன்னது அரசு. அந்த ஐந்து நிமிடம் பக்கத்து வளவில் இருந்த குரங்கை யார் கணக்கில் போட்டார்களோ!

பை, பசளை, நாற்று என்று கைக்காசு போட்டுப் பறித்த தக்காளி, சந்தையில் விலை விழும் மாதங்களில் கடைத் தக்காளியைவிட விலை கூடியதாகிவிடும். அதோடு, கடைச் சாமான் துண்டில் பெருந்தொகை பிடிப்பவை அரிசி, பருப்பு, கோதுமை மா, பால்மா, எண்ணெய். உரப்பையில் இவை எதுவும் முளைக்காது.

மிச்சம் வருவது வேறு இடத்தில். பருப்புக் கறிக்கு இரண்டு நெட்டுக் கறிவேப்பிலை போதும். கடையில் வாங்குவதோ ஒரு பிடி. மீதி குளிர்ப்பெட்டியில் கறுத்துப் போகிறது. ரம்பை, வல்லாரை, பொன்னாங்காணி எல்லாம் இதே வகைதான். தேவைக்குக் கிள்ளினால் போதும், கவனிப்பும் அதிகம் வேண்டாம். ஒரு சின்னப் பாத்தியே வாராவாரம் கொஞ்சம் காசை மிச்சப்படுத்திவிடும்.

பழைய கண்டி வளவின் நியாயமும் இதுதான்: ஆளைக் குறைவாக வேலை வாங்கும் பயிர்கள். மேலே தென்னை, கமுகு, பலா. நடுவில் சாதிக்காய், கராம்பு, கோப்பி. கிளிரிசீடியாவில் ஏறிய மிளகு. கீழே வாழை, இஞ்சி. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த றொபேர்ட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தன் நூலில் பலா இங்குள்ள சனத்துக்கு எவ்வளவு பெரிய உணவென்று எழுதினார். பிஞ்சில் கறி, முற்றினால் அவியல், கொட்டை வேறு. 2022இலும் பல வீடுகளில் வயிற்றை நிரப்பியது பலாவும் மரவள்ளியும்தான். ஆனால் இந்த வளவைப் புகழ்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அது பரம்பரைக் காணி உள்ளவனின் தோட்டம். பலா காய்க்க வருடங்கள் வேண்டும். வாடகைக்கு இருப்பவர் யாருக்காக நடுவார்?

கண்டி நகரத்து மஹியாவவின் நெருக்கமான குடியிருப்புகளில் பை வைக்கவே இடமில்லை. கலஹா, தெல்தோட்டை, ஹந்தானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில் நிலைமை இன்னும் விசித்திரம். 2022இல் 63 இலட்சம் பேர் உணவுக்கு அல்லாடுகிறார்கள் என்று ஐ.நா. அமைப்புகள் மதிப்பிட்டன, பெருந்தோட்ட மக்களின் நிலை நகரத்தையும் கிராமத்தையும்விட மோசமாக இருந்தது. வெள்ளிக்கிழமை விடுப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை, நாட்சம்பளக்காரர்கள். மண்ணைப் பற்றி எந்த உத்தியோகத்தருக்கும் பாடம் எடுக்கக்கூடியவர்கள், லயத்து வாசலில் போஞ்சியும் பூசணியும் போடுகிறார்கள். பலா போடுவது அபூர்வம். நாளைக்கு எழும்பு என்றால் எழும்ப வேண்டிய நிலம். அவர்களுக்குக் காணி உறுதியோடு தருவதாகப் பல வருடமாகப் பேசப்படுவது 7 பேர்ச். வீடும் மலசலகூடமும் போக அதில் ஒரு பலாவுக்கும் ஒரு கறிவேப்பிலைக்கும் இடம் வரும். வீட்டுத்தோட்டப் பிரசாரத்துக்குச் செலவழிக்கிறவர்கள் அந்த உறுதியை முதலில் எழுதிக் கொடுக்கட்டும்.